நாற்பதுக்கு மேல் டைனோசர் வரையத் தொடங்குவோருக்கு

லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் டைனோசர் சிலைகள் அமைக்கும் பணியை 1852-இல் ஏற்றுக்கொண்டபோது பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸுக்கு வயது நாற்பத்தைந்து. அதுவரை அவர் உயிருள்ள விலங்குகளை வரைந்து பிழைத்தவர். டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பல் கொண்டுவந்த மீன்களுக்கும் ஊர்வனவற்றுக்கும் படம் போட்டவர். டைனோசர் என்ற பெயர் பிறந்தே அப்போது பத்தாண்டுகள்தான் ஆகியிருந்தன. முழு எலும்புக்கூடு எதுவும் கிடைத்திருக்கவில்லை. கையில் இருந்த சில எலும்புகளையும், தனக்குப் பழக்கமான விலங்குகளின் உடலமைப்பையும் வைத்துக்கொண்டு அவர் செய்த சிலைகள் தெற்கு லண்டனில் இன்றும் நிற்கின்றன. அவற்றில் பிழைகள் நிறைய உண்டு. இகுவானோடானின் கட்டைவிரல் முள்ளை மூக்கின் மேல் கொம்பாக வைத்திருக்கிறார். அன்றைக்குக் கிடைத்த சான்றுகளின்படி அது நியாயமான ஊகம். 1878-இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகுதான் அந்தக் கொம்பு கைக்கு இறங்கியது.

பிந்திய வயதில் இந்தக் கலைக்கு வருவோருக்கு ஹாக்கின்ஸை நான் முதலில் காட்டுவதற்குக் காரணம் உண்டு. இதில் பாதி வேலைதான் கையுடையது. மறுபாதி காரணம் சொல்வது. ஏன் இந்த விலங்கின் கை இப்படித் திரும்பியிருக்கிறது, ஏன் இந்த இடத்தில் சதை இவ்வளவு, ஏன் இந்த நிறம் என்று யார் கேட்டாலும் பதில் இருக்க வேண்டும். அந்தப் பதிலைத் தேடும் பொறுமை இருபது வயதில் பலருக்கு இருப்பதில்லை. ஐம்பது வயதில் ஒரு தையற்காரருக்கு மடிப்பு எங்கே விழும் என்று தெரியும். ஆடு மேய்த்தவருக்கு விலங்கு எந்தக் காலை முன்வைத்துத் திரும்பும் என்று தெரியும். செவிலியருக்குத் தசை தெரியும், தச்சருக்கு மூட்டு தெரியும். இதெல்லாம் வரையும்போது நேரடியாகவே உதவும். தாமதமாகத் தொடங்குவோரின் உண்மையான பிரச்சினை கை நடுங்குவதல்ல, வண்ணத்துக்கு அவசரப்படுவதுதான். கீழே சொல்லியிருக்கும் வரிசையில் வண்ணம் பின்னால் வருவதற்கு அதுதான் காரணம்.

கருவிகளும் கண்ணும்

சாதாரணப் பென்சில்களில் எச்பி, 2பி, 4பி. ரப்பர். டிரேசிங் பேப்பர் ஒரு கட்டு. ஏ3 அளவு கார்ட்ரிட்ஜ் ஷீட். அளவுகோல். களிமண் கொஞ்சம். தொடக்கத்துக்கு இவை போதும். கணினியில் வரைய விரும்பினால் கிரிட்டா என்ற மென்பொருள் இலவசம், முப்பரிமாண உருவத்துக்குப் பிளெண்டர் இலவசம். விலை உயர்ந்த டேப்லெட்டை முதல் வருடத்தில் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. வாங்கிய கருவிக்கு நியாயம் கற்பிப்பதற்காகவே வரையத் தொடங்கினால் எலும்பைப் படிக்கும் வேலை பின்தங்கிவிடும்.

வெள்ளெழுத்து வந்தவர்கள் சின்னத் தாளில் நுணுக்கமாக வரைய முயன்று கண்ணை வருத்திக்கொள்கிறார்கள். தாளைப் பெரிதாக்குங்கள். வலக்கையால் வரைபவர் விளக்கை இடப்பக்கம் வையுங்கள், இடக்கைக்காரர் வலப்பக்கம். அருகில் பார்க்க ஒரு கண்ணாடியும், எழுந்து நின்று எட்ட இருந்து படத்தைப் பார்க்க நான்கடி இடமும் வேண்டும். டைனோசர் ஓவியத்தின் பிதாமகர் என்று கருதப்படும் அமெரிக்கர் சார்லஸ் நைட்டுக்குச் சிறுவயதிலேயே கடுமையான பார்வைக் குறை. ஒரு கண்ணில் கல்லும் பட்டது. சட்டத்தின் கணக்கில் அவர் பார்வையற்றவர். முகத்தைத் திரைச்சீலைக்கு மிக அருகில் கொண்டுபோய்தான் வரைவார். நியூயார்க், சிகாகோ அருங்காட்சியகங்களில் அவர் வரைந்தவைதாம் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதிக்கு டைனோசர் என்றால் எப்படி இருக்கும் என்று கற்றுக்கொடுத்தன.

முதல் மாதம்: கோழிக்கால்

டைனோசரை வரையாதீர்கள். கறிக்கடையில் பாதத்தோடு சேர்ந்த முழுக் கோழிக்கால் ஒன்று வாங்குங்கள். நாட்டுக்கோழியாக இருந்தால் நல்லது, எலும்பு முற்றியிருக்கும். பறவைகள் டைனோசர்களின் நேரடி வாரிசுகள் என்பது இன்று ஆய்வாளர்களிடையே ஏறக்குறைய முடிந்துபோன விவாதம். ஆகவே உங்கள் மேசையில் இருப்பது டைனோசரின் கால்தான்.

மேலிருந்து கீழே பாருங்கள். முதலில் தொடை. உயிருள்ள கோழியில் இது உடலோடு ஒட்டி, இறகுக்குள் மறைந்திருக்கும். முழங்கால் வெளியே தெரியாது. அடுத்து நாம் விரும்பிக் கடிக்கும் துண்டு, அதுதான் கெண்டைக்கால். அதில் தடித்த எலும்புக்குப் பக்கத்தில் ஊசிபோல் மெலிந்து பாதியிலேயே முடியும் இன்னொரு எலும்பு இருக்கும். அதற்குக் கீழே பின்னோக்கி மடங்கும் இடத்தைப் பலரும் முழங்கால் என்று நினைக்கிறார்கள். அது கணுக்கால். அதற்குக் கீழே செதில் போர்த்திய குச்சி போன்ற பகுதி முழுக்கப் பாதத்தின் எலும்புகள் ஒன்றாகச் சேர்ந்தது. கோழி நடப்பது விரல்களில்.

இப்போது விரல்களை எண்ணுங்கள். பின்னால் இருக்கும் சின்ன விரலில் நக எலும்பையும் சேர்த்து இரண்டு எலும்புகள். உட்புற முன்விரலில் மூன்று, நடுவிரலில் நான்கு, வெளிவிரலில் ஐந்து. வேகவைத்துச் சதையை எடுத்துவிட்டு அடுக்கிப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து: டைரனோசாரஸின் பாதத்திலும் இதே கணக்குத்தான். வெளிவிரல் நீளத்தில் குறைந்திருந்தாலும் கணுக்கள் அதிகம், ஆகவே அது நன்றாக வளையும். இணையத்தில் கிடைக்கும் பாதிப் படங்களில் இந்தக் கணக்குத் தவறாக இருப்பதை இனி நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

செதில்களையும் விடாதீர்கள். குச்சியின் முன்பக்கம் அகலத் தகடுகள் அடுக்கியிருக்கும், பின்பக்கம் மணி மணியாகச் சின்னச் செதில்கள், அடிப்பாதத்தில் மெத்தை போன்ற திரட்சிகள். ஒரே காலில் மூன்று வகைத் தோல். ஒரே மாதிரிச் செதிலை உடல் முழுக்க வலைபோல் போர்த்துவது புதியவர்களின் வழக்கம். அந்தக் கோழிக்கால் அதைத் தடுத்துவிடும்.

கோழிக்குப் பிறகு முதலை. சென்னைக்கு அருகில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் முதலைப் பண்ணை இதற்கு நல்ல பள்ளிக்கூடம். முதலைகள் அசையாமல் கிடக்கும் என்பதால் நிதானமாக வரையலாம். முதலையும் பறவையும் டைனோசரின் இரு பக்கத்து உறவினர்கள். இரண்டுக்கும் பொதுவாக இருக்கும் மென்திசு உறுப்பு டைனோசருக்கும் இருந்திருக்கும் என்று கொள்வதே இந்தத் துறையின் முதல் விதி.

எலும்புக்கூடு

அடுத்தது பக்கவாட்டு எலும்புக்கூட்டுப் படம். கறுப்பு நிழலுருவத்தின் மேல் வெள்ளை எலும்புகள் தெரிய வரையும் முறையைப் பரவலாக்கியவர் கிரெகரி பால். இன்று ஸ்காட் ஹார்ட்மன் போன்றோர் அந்த வேலையை மிகக் கவனமாகச் செய்கிறார்கள். ஒரு படத்தைத் தேர்ந்து, ஜெராக்ஸ் கடையில் ஏ3 அளவுக்குப் பெரிதாக்கி, டிரேசிங் பேப்பரை மேலே வைத்து முழுவதையும் நகலெடுங்கள். இது படிப்பதற்காக மட்டும். பிறர் வரைந்த எலும்புக்கூட்டின் மேல் சதை போர்த்தி உங்கள் படமென்று விற்பது திருட்டு. தன் எலும்புக்கூடுகளையும் அவற்றின் நிலைகளையும் பிறர் அப்படியே எடுத்தாள்வதை கிரெகரி பால் 2011-இல் பகிரங்கமாகக் கண்டித்தார். அந்தச் சர்ச்சையில் எல்லோரும் அவர் பக்கம் நிற்கவில்லை. ஆனாலும் அளவுகளை ஆய்வுக் கட்டுரையிலிருந்து நீங்களே எடுத்து, நிலையை நீங்களே அமைத்தால் அந்த வம்பு உங்களிடம் வராது.

நகலெடுக்கும்போது இந்த வரிசை எனக்கு வசதியாக இருக்கிறது: முதலில் மூக்கிலிருந்து வால் நுனிவரை முதுகெலும்பின் வளைவு, பிறகு இடுப்பெலும்பு, பிறகு விலாக்கூடு, தோள், கால், கடைசியில் தலை. தலையில் தொடங்குபவர்கள் தலையைப் பெரிதாகப் போட்டுவிட்டு உடலுக்குத் தாளில் இடம் தேடுவார்கள்.

இரண்டு காலில் நடந்த விலங்கா? வரைந்து முடித்ததும் கொத்தனாரின் தூக்குக்குண்டு போல ஒரு நேர்க்கோட்டை உடலின் எடை நடுவத்திலிருந்து இறக்குங்கள். அது பாதத்துக்குள் விழ வேண்டும். எடை நடுவம் இடுப்புக்குச் சற்று முன்னால் இருக்கும். கோடு பாதத்துக்கு வெளியே விழுந்தால் உங்கள் டைனோசர் குப்புற விழும் அல்லது மல்லாந்துவிடும்.

பக்கவாட்டுப் படத்தோடு நிறுத்தாதீர்கள். முன்னிருந்தும் மேலிருந்தும் வரையுங்கள். அலோசாரஸ் முன்னிருந்து பார்த்தால் வியக்குமளவுக்கு ஒடுங்கியது. டைரனோசாரஸ் பீப்பாய். அங்கைலோசாரஸோ அகலமான மேசை. பக்கவாட்டில் மட்டுமே வரைந்து பழகியவருக்கு இது ஆண்டுக்கணக்கில் தெரியாமலே போகும். களிமண்ணை இங்கேதான் எடுக்க வேண்டும். ஒரு சாண் நீளத்தில் உருவம் பிடித்து, விளக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் வயிற்றின் கீழ் நிழல் எங்கே விழும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. சார்லஸ் நைட்டும் இப்படித்தான் சிறு உருவங்கள் செய்து ஒளியைப் படித்தார்.

சதையும் தோலும்

இந்தக் கட்டத்தில் நடக்கும் பிழைகள் திரும்பத் திரும்ப ஒன்றேதான் என்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

இறைச்சியுண்ணும் இருகாலிகளின் உள்ளங்கை தரையைப் பார்க்காது. இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றையொன்று பார்த்திருக்கும், கைதட்டப்போவது போல. முன்கை எலும்புகள் திரும்ப இடமில்லை. டைரனோசாரஸுக்கு இரண்டு விரல், அலோசாரஸுக்கு மூன்று.

வாலின் அடிப்பகுதி தடித்தது. தொடையெலும்பில் பின்பக்கம் ஒரு முகடு இருக்கும். வாலிலிருந்து வரும் பெருந்தசை அங்கே வந்து பற்றிக்கொண்டு காலைப் பின்னுக்கு இழுத்தது. நடையின் விசையே அந்தத் தசைதான். கோழிக்கு நீண்ட வால் இல்லாததால் இந்தத் தசையும் சிறுத்துவிட்டது. இதற்கு முதலைதான் மாதிரி. வாலைச் சாட்டைபோல் மெலிதாக இடுப்பிலிருந்தே வரைந்தால் அந்த விலங்கால் ஓட முடியாது. வால் தரையில் இழுபடவும் கூடாது.

நெடுங்கழுத்துத் தாவர உண்ணிகளுக்கு யானைக்கால் போடாதீர்கள். கோயில் யானையைப் பார்த்துத் தோல் சுருக்கம் கற்றுக்கொள்ளலாம், முன்னங்காலைக் கற்கக் கூடாது. அவற்றின் முன்பாத எலும்புகள் அரைவட்டத் தூண்போல் நிமிர்ந்து சேர்ந்திருந்தன. தடம் குதிரைலாட வடிவில் பதியும். வெளியே தெரிந்த நகம் பெரும்பாலானவற்றில் கட்டைவிரலில் ஒன்றே. டைட்டனோசார் கூட்டத்தில் அதுவும் இல்லாமல் போயிற்று.

இன்னொரு நோய், எலும்பின் மேல் தோலை ஒட்டிவைப்பது. மண்டையோட்டின் துளைகள் எல்லாம் கன்னத்தில் குழிகளாகத் தெரியும், விலாக்களை எண்ணலாம், பஞ்சத்தில் அடிபட்டது போல இருக்கும். பசுவையோ பூனையையோ அதன் மண்டையோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எவ்வளவு மூடியிருக்கிறது என்று தெரியும். 2012-இல் ஜான் கான்வே, சி. எம். கோசமன், டேரன் நைஷ் மூவரும் இன்றைய விலங்குகளையே இப்படி எலும்போடு ஒட்டி வரைந்து காட்டினார்கள். அன்னப்பறவை அரிவாள்கை அசுரனாக ஆகியிருந்தது. துறையில் பலரைத் திருத்திய வேடிக்கை அது. எதிர்ப்பக்கம் போய் எல்லாவற்றுக்கும் தொந்தியும் தாடைத்தொங்கலும் போடுவதும் இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. அதற்கும் காரணம் வேண்டும்.

உதடு விஷயத்தில் 2023-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வொன்று, டைரனோசாரஸ் போன்றவற்றின் பற்களை உடும்பு, ஓணான் வகைகளைப் போல உதடு மூடியிருந்திருக்கும் என்று வாதிட்டது. எல்லோரும் ஏற்கவில்லை. நான் உதடு போட்டே வரைகிறேன்.

மூன்று பத்திக் கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: எலும்பு, உறவு, ஊகம். படத்தில் இருக்கும் எந்த உறுப்பும் இந்த மூன்றில் ஏதாவதொன்றில் வர வேண்டும்.

இந்திய விலங்கு ஒன்றை வைத்தே செய்து பார்ப்போம். ராஜாசாரஸ் நர்மதென்சிஸ். குஜராத்தின் ராகியோலியில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையினர் 1980-களில் எடுத்த எலும்புகளுக்கு 2003-இல் இந்தப் பெயர் சூட்டப்பட்டது. டைனோசர் யுகத்தின் கடைசிக் காலமான கிரெட்டேசியஸின் இறுதிக் கட்டத்தில் வாழ்ந்த இறைச்சியுண்ணி.

எலும்புப் பத்தி: மண்டையின் பின்பகுதியும் உச்சியும், நெற்றியில் தாழ்ந்த ஒற்றைக் கொம்பு, முதுகெலும்புகள் சில, இடுப்பு, பின்னங்கால் எலும்புகள், வாலின் பகுதிகள். இவற்றில் கைவைக்க உங்களுக்கு உரிமை இல்லை. காலெலும்பு குட்டையாகவும் தடிப்பாகவும் இருந்தால் அப்படியே வரைய வேண்டும். ஓடும் அழகுக்காக நீட்டக் கூடாது.

உறவுப் பத்தி: மூக்குப் பகுதி முழுமையாக இல்லை, கைகளும் கிடைக்கவில்லை. அதே கூட்டத்தைச் சேர்ந்த மடகாஸ்கரின் மஜுங்கசாரஸுக்கு நல்ல மண்டையோடு உண்டு. அர்ஜென்டினாவின் கார்னோடாரஸுக்கு முழுக் கைகளும் உண்டு, கேலிக்குரிய அளவுக்குச் சின்னவை, நான்கு விரல்கள். இரண்டையும் பார்த்து உயரம் குறைந்த முகமும் குட்டைக் கைகளும் போடலாம். தோலுக்கும் கார்னோடாரஸிடமே போக வேண்டும். அதன் தோல் பதிவுகள் கல்லில் கிடைத்திருக்கின்றன. சின்னச் செதில்களுக்கு நடுவே பெரிய கூம்புச் செதில்கள் சிதறியிருந்தன. அவை வரிசை வரிசையாக அடுக்கியிருந்தன என்றே நெடுங்காலம் வரைந்துவந்தார்கள். 2021-இல் வந்த மறுஆய்வு, ஒழுங்கான வரிசை எதுவும் இல்லை என்று காட்டியது. மற்றவர் படத்தைப் பார்த்து வரைவதில் என்ன ஆபத்து என்பதற்கு இந்த ஒரு விஷயம் போதும்.

ஊகப் பத்தி: நிறம், கழுத்தின் கீழ்த் தொங்கும் தோல், கொம்பின் மேல் இருந்திருக்கக்கூடிய கெட்டி உறை, அது அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தது. இங்கே உங்கள் இஷ்டம். ஆனால் இது ஊகம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீளத்தைச் சொல்லும் கணிப்புகளில்கூட ஏழு மீட்டரை ஒட்டியும் உண்டு, ஒன்பது வரையும் உண்டு. படத்தில் பக்கத்தில் ஒரு மனித உருவம் போட்டால் எந்தக் கணிப்பை எடுத்தீர்கள் என்று கணக்கில் எழுதுங்கள்.

இந்தத் தகவல்கள் எங்கே கிடைக்கும்? பிளோஸ் ஒன், பியர்ஜே போன்ற ஆய்விதழ்கள் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. கட்டுரையை முதல் வரியிலிருந்து படிக்க வேண்டாம். முதலில் படங்களைப் பாருங்கள். பிறகு எந்தெந்த எலும்புகள் கிடைத்தன என்ற பட்டியலுக்குப் போங்கள். அது சில வரிகளில் இருக்கும். பிறகு அளவு அட்டவணை. மற்றதைத் தேவைப்பட்டால் படிக்கலாம். நிழலுருவங்களுக்கு பைலோபிக் என்ற தளம் உண்டு. தேடுபொறியில் வரும் படங்களை மாதிரியாக வைக்காதீர்கள். இப்போது அவற்றில் கணிசமானவை இயந்திரம் உருவாக்கியவை. விரல் கணக்கு அவற்றில் பலவற்றுக்கு வருவதில்லை.

எல்லா விலங்குக்கும் இந்த மூன்று பத்தியும் நிரம்பாது. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்து, 1980-களின் கடைசியில் பெயரிடப்பட்ட புருகத்காயோசாரஸ் உலகிலேயே மிகப் பெரிய தரைவிலங்காக இருந்திருக்கலாம் என்ற பேச்சு உண்டு. ஆனால் அந்த எலும்புகள் சிதைந்து போய்விட்டன. எஞ்சியிருப்பவை பழைய படங்களும் விவரிப்பும்தான். நம் ஊர் விலங்கு என்ற ஆசையில் அதை வரையலாம், தப்பில்லை. எலும்புப் பத்தியில் நான்கைந்து சொற்களுக்கு மேல் எழுத முடியாது என்பதை ஒப்புக்கொண்டு வரைய வேண்டும். தொடக்கத்துக்கு அது உகந்த விலங்கல்ல. ஐதராபாத் பிர்லா அறிவியல் மையத்தில் நிற்கும் கோட்டாசாரஸ், கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பாராபாசாரஸ் ஆகியவற்றின் எலும்புக்கூடுகளை நேரில் பார்த்து வரையலாம். கண்ணெதிரே ஆளுயரத் தொடையெலும்பு நிற்கும்போது கிடைக்கும் அளவுணர்வு தாளில் வராது. போவதற்கு முன் திறந்திருக்கும் நாட்களை விசாரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது வண்ணம்

நிறம் யாருக்கும் தெரியாது என்ற காலம் 2010-இல் முடிந்தது. இறகுப் புதைபடிவங்களில் நிறமித் துகள்களின் வடிவம் எஞ்சியிருப்பதைக் கண்டு, சீனாவின் சினோசாரோப்டெரிக்ஸ் என்ற டைனோசருக்குச் செம்பழுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் வளைய வால் இருந்தது என்று சொன்னார்கள். அதே ஆண்டு அங்கியோர்னிஸுக்குக் கறுப்பு வெள்ளை உடலும் சிவந்த கொண்டையும் தெரியவந்தன. 2012-இல் மைக்ரோராப்டர் காக்கையைப் போல் மினுங்கும் கறுப்பு. கனடாவின் சுரங்கத்தில் கவசத்தோலோடு கிடைத்த போரியலோபெல்டா மேலே செம்பழுப்பு, கீழே வெளிர். இவற்றை வரைந்தால் நிறத்தை எலும்புப் பத்தியில் எழுதலாம். உங்கள் விருப்பத்துக்கு மாற்ற முடியாது.

மற்றவற்றுக்கு எங்கே வாழ்ந்தது, எதற்கு ஒளிந்தது, யாருக்குக் காட்டிக்கொண்டது என்று யோசியுங்கள். முதுகு அடர்த்தியாகவும் வயிறு வெளிறியும் இருப்பது இன்றைய விலங்குகளில் சகஜம். போரியலோபெல்டா ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ளது, உடல் முழுக்கக் கவசம். அப்படியும் நிறத்தால் ஒளிந்தது என்றால் அதை வேட்டையாடியவை எப்படிப்பட்டவை என்று பாருங்கள். பச்சோந்திப் பச்சையும் சாம்பலும் மட்டுமே டைனோசருக்கு என்பது வெறும் பழக்கம். புலி, மயில், மைனா எதுவும் சாம்பல் இல்லை. அதேசமயம் ஒரே உடலில் எட்டு நிறத்தைக் கொட்டினால் பொம்மைக்கடை ஆகிவிடும். இரண்டு நிறம், ஒரு கோலம், முகத்திலோ கொண்டையிலோ ஒரே ஒரு பளிச்சிடும் இடம். அது போதும்.

சுற்றுப்புறம்

ஸ்டெகோசாரஸையும் டைரனோசாரஸையும் ஒரே படத்தில் போட வேண்டாம். இடையே ஏறக்குறைய எட்டுக் கோடி ஆண்டுகள் இருக்கின்றன. நமக்கும் டைரனோசாரஸுக்கும் நடுவே இருப்பது ஆறரைக் கோடியைச் சற்றுத் தாண்டியதுதான். ஜுராசிக் காட்சியில் புல்லும் பூவும் வரக் கூடாது. பெரணி, சைகஸ், ஊசியிலை மரங்கள், தென்னோலை போன்ற இலைகொண்ட சைகடாய்டுகள் போடலாம். ராஜாசாரஸ் வாழ்ந்த காலத்துக்கு விதிவிலக்கு உண்டு. மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கிடைத்த புதைபடிவச் சாணத்தில் புல்லின் நுண்துகள்கள் இருப்பதை 2005-இல் கண்டுபிடித்தார்கள். ஆகவே அங்கே ஓரிடத்தில் புல் போடலாம். பரந்த புல்வெளி போட முடியாது.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் கல்மரம் 18 மீட்டர் நீளம், கிரெட்டேசியஸ் காலத்து ஊசியிலை மரம். பட்டையின் பாங்கை நேரில் பார்த்து வரைந்துகொள்ளலாம். விழுப்புரத்துத் திருவக்கரைக் கல்மரங்கள் பிற்காலத்தவை. அவற்றைப் பார்த்துவிட்டு டைனோசருக்குப் பின்னணி அமைக்காதீர்கள். வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகம் கடல்வாழ் உயிர்களுக்கு உதவும். அரியலூர்ப் பக்கம் அந்தக் காலத்தில் பெரும்பாலும் கடல்.

காட்சி என்றதும் வாயைப் பிளந்து இன்னொன்றைக் கடிக்கும் டைனோசர்தான் பலருக்குத் தோன்றுகிறது. வாழ்நாளின் பெரும்பகுதியை விலங்குகள் படுத்து, மேய்ந்து, சொறிந்து, தண்ணீர் குடித்தே கழிக்கின்றன. குஜராத்தில் டைனோசர் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டபடியே கல்லாகிய மூன்றரை மீட்டர்ப் பாம்பு ஒன்று கிடைத்து, 2010-இல் சனாஜே இண்டிகஸ் என்று பெயர் பெற்றது. பக்கத்தில் முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சின் எலும்புகள். காட்சி அமைப்பு முழுதும் எலும்புப் பத்தியிலேயே இருக்கிறது. கர்ஜனை எதுவும் தேவையில்லை.

வெளியே காட்டுவது, காசு

இதை மட்டும் நம்பிப் பிழைப்பவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர். ஓய்வூதியமோ வேறு வேலையோ இருப்பது பலவீனமல்ல, அதுதான் உங்களுக்கு நிதானம் தரும். பத்து நல்ல படங்கள் சேரும்வரை யாருக்கும் அனுப்ப வேண்டாம். பத்தும் ஒரே விலங்காக இருக்கக் கூடாது. ஒன்றிரண்டு எலும்புக்கூட்டுப் படம், ஒரு தலை, ஒரு பாதம், ஒரு முழுக் காட்சி என்று கலந்திருக்கட்டும்.

வேலை வரக்கூடிய இடங்கள்: சிறுவர் நூல் பதிப்பகங்கள், அறிவியல் இதழ்கள், அருங்காட்சியகங்கள், புதிய விலங்குக்குப் பெயரிடும்போது செய்திக்குறிப்போடு படம் வெளியிட விரும்பும் ஆய்வாளர்கள். ஆய்வாளருக்கு எழுதும்போது சுருக்கமாக எழுதுங்கள். அவர் ஆய்வு செய்த விலங்கின் படம் ஒன்றையும் மூன்று பத்திக் கணக்கையும் இணைத்து, தவறு இருந்தால் சுட்டிக்காட்டக் கேளுங்கள். கணக்கைப் பார்த்ததும் நீங்கள் கட்டுரையைப் படித்தவர் என்று அவருக்குப் புரிந்துவிடும். ஐந்தே வரியில் ஒரு திருத்தம் வந்தாலும் அது எந்த வகுப்பிலும் கிடைக்காதது. பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

இலவசமாகச் செய்து கொடுத்தால் பெயர் கிடைக்கும் என்று சொல்வோரிடம் எச்சரிக்கை. கைக்காசில் ஆராய்ச்சி செய்யும் மாணவருக்குச் சும்மா வரைந்து கொடுப்பது உங்கள் விருப்பம். விலைக்கு விற்கும் புத்தகத்துக்குச் சும்மா கொடுப்பது மற்ற ஓவியர் வயிற்றிலும் அடிக்கும். தொடங்குமுன் எழுத்தில் வாங்க வேண்டியவை: எந்தப் பயன்பாட்டுக்கு, எத்தனை காலத்துக்கு, எத்தனை திருத்தம்வரை அந்தத் தொகைக்குள், முன்பணம் எவ்வளவு, பெயர் எங்கே போடப்படும், மூலப்படம் யாரிடம் இருக்கும். கோட்டோவியம் ஒப்புதல் ஆன பிறகே வண்ணம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வண்ணம் பூசி முடித்த பிறகு காலை மாற்றச் சொல்வார்கள்.

முதுகெலும்பிகளின் தொல்லுயிரியல் சங்கம் ஆண்டுதோறும் வழங்கும் லான்சென்டார்ஃப் பரிசு இந்தத் துறையில் மதிப்புள்ளது. முதல் ஆண்டிலேயே அதற்கு அனுப்புங்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் பரிசு பெற்ற படங்களை ஆண்டுவாரியாகப் பார்த்தால் தரம் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

படத்தின் ஓரத்தில் கையெழுத்தோடு ஆண்டையும் கட்டாயம் போடுங்கள். ஸ்பைனோசாரஸை எகிப்தில் கிடைத்த எலும்புகளிலிருந்து 1915-இல் விவரித்தார்கள். 1944-இல் மியூனிக் மீது விழுந்த குண்டில் அந்த எலும்புகள் அழிந்தன. 2014-இல் அதற்குக் கால்கள் குட்டையாயின, 2020-இல் வால் துடுப்பாயிற்று. ஒவ்வொரு முறையும் உலகம் முழுக்க ஓவியர்கள் மறுபடி உட்கார்ந்து வரைந்தார்கள். உங்கள் விலங்குக்கும் இது நடக்கும். பழைய படத்தை அழிக்காமல், அதன் கணக்குத் தாளையும் பின்னால் ஒட்டி வையுங்கள். மாற வேண்டியது எந்தப் பத்தி என்று அந்தத் தாளே சொல்லிவிடும், புதிதாகத் தொடங்க வேண்டியிருக்காது.